முப்பது காசா, மாதச் சந்தாவா, உபயமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் இணைய இதழுக்கு வருகிற தைப்பூசத்தோடு மூன்று வயது நிறைகிறது. லிந்தாங் சாலை நெடுகிலும் உள்ள தோட்டங்களின் செய்தி, தமிழ்ப்பள்ளிச் செய்தி, கோயில் நிலம், பஸ் நேரம், செம்பனை (எண்ணெய்ப் பனை) வருவதற்கு முன் பால்மரம் சீவியவர்கள் சொல்லும் பழைய நினைவுகள் ஆகியவைதான் அதில் வருகின்றன. இதுவரை எல்லாமே இலவசம். செலவை நாங்களே பங்குபோட்டுக்கொண்டோம். இனி அது நடக்காது. மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுக்கும் படிவம் ஆறு (மேல்நிலைப் பள்ளி) மாணவர்கள் இருவரிடம் பெட்ரோல் காசுகூடக் கொடுக்காமல் வேலை வாங்குவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாசகரிடம் காசு கேட்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிக் கேட்பது என்பதில்தான் வழக்கு. கட்டுரைக்கு இவ்வளவு என்று சில்லறையாக வாங்குவதா, மாதச் சந்தா வைப்பதா, கோயிலில் போல உபயம் பிடிப்பதா என்று மூன்று கட்சியாக நிற்கிறோம். விளம்பரத்துக்காக யாரும் வாதாடவில்லை. உள்ளூர் விளம்பரம் தீபாவளிக்கும் தேர்தலுக்கும்தான் வரும். கூகுள் விளம்பரம் எங்கள் அளவுள்ள இதழுக்குத் தருவது இணைய இடத்தின் வாடகைக்கே எட்டவில்லை. அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் இரண்டு மாதமாக அலசினேன். வேறு ஊர்களில் இதே போல இதழ் நடத்துகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று என் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன்.

சில்லறைக் கட்சிக்குத் தலைவர் எங்களில் இளையவர். கட்டுரைக்கு 30 காசு, கொடுத்தால் திறக்கும். அவருடைய நியாயம் வலுவானது. மாதம் இரண்டு கட்டுரை படிப்பவர், நாள்தோறும் படிப்பவருக்குச் சமமாக ஏன் கொடுக்க வேண்டும்? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மழை பிடித்துக்கொண்டு செம்பனைக் குலை வெட்டுவது குறைந்த மாதத்தில், மேல்வரும்படி இல்லாத குடும்பம் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட செலவைத்தான். சந்தா என்றால் அந்த மாதமே அறுந்துபோகும். சில்லறை என்றால் பத்துக்குப் பதில் மூன்று படித்துவிட்டு, அடுத்த மாதம் திரும்பி வருவார்.

இந்த யோசனை இணையத்தோடு கூடப் பிறந்தது. பக்கம் கிடைக்காதபோது வரும் 404 என்ற எண்ணை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வரிசையில் 402 என்று ஓர் எண் உண்டு. ‘பணம் கட்ட வேண்டும்’ என்பது அதன் பொருள். 1997-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில், பின்னால் பயன்படும் என்று சொல்லி அதை எடுத்துவைத்தார்கள். ஒரு காசிலும் குறைந்த தொகையைக்கூட அனுப்பக்கூடிய ‘மில்லிசென்ட்’ என்ற முறையை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1995-இல் வடிவமைத்தது. டேவிட் சௌம் தொடங்கிய டிஜிகேஷ் என்ற இணையப் பணக் கம்பெனி 1998-இல் திவாலானது. பீன்ஸ், ஃப்ளூஸ் என்று இணையக் காசு அச்சடித்த இரண்டு கம்பெனிகள் 2001-இல் மூடப்பட்டன.

அன்று சில்லறை விற்பனை ஓடாததற்கு ஒரு காரணம் எளிமையானது: காசை வாங்கும் கூலி காசைவிட அதிகம். அமெரிக்காவில் இணையத்தில் அட்டை வழியாகப் பணம் வாங்கினால், நூற்றுக்கு இவ்வளவு என்ற பங்கோடு ஒவ்வொரு முறையும் 30 சென்ட் நிலையான கட்டணமும் சேர்வது வழக்கம். 25 சென்ட் கட்டுரையை விற்றவர் கையிலிருந்து காசு போட வேண்டியதுதான்.

நம் நாட்டில் அந்தச் சுவர் இப்போது தாழ்ந்துவிட்டது. உடனடிப் பணமாற்றத்துக்கு வங்கிகள் வாங்கிய 50 காசுக் கட்டணம், 5,000 வெள்ளி வரையிலான மாற்றங்களுக்கு 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசியில் கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் டூயிட்நவ் வசதி வந்தது; பிறகு பெரும்பாலான கைப்பேசிப் பணப்பைகளும் படிக்கும் பொதுவான கியூஆர் குறியும் வந்தது. இன்று எங்கள் இரவுச் சந்தையில் வாழைப்பழப் பொரியல் விற்கும் அம்மாவின் வண்டியிலும் அந்தக் குறி தொங்குகிறது. 2008 ஏப்ரலிலிருந்து கடைகளில் ரொக்கக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறோம். கைப்பேசியிலோ 37 காசு என்றால் 37 காசே போகும். ஆகவே, ‘சில்லறை வாங்க வசதியில்லை’ என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

இருந்தும் எனக்கு அந்த முறையில் மனம் ஒட்டவில்லை. காரணத்தை எனக்கு விளக்கியவர் ரயில் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன். எங்கள் இதழைத் தவறாமல் படிப்பவர். 30 காசுத் திட்டத்தைச் சொன்னதும், பசியாற வந்தவர்களுக்குத் தோசை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, வடையைக் கையில் எடுத்தால் சூடு தெரிந்துவிடும். நீங்கள் எழுதியது நல்லதா இல்லையா என்று படித்த பிறகுதானே எனக்குத் தெரியும்? அதற்கு முன்னாலேயே காசு கேட்டால் எப்படி?”

30 காசு அவருக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் நின்று, இது 30 காசு பெறுமா என்று மனத்துக்குள் தராசு பிடிக்க வேண்டியிருப்பதுதான் தொல்லை. கணினி அறிஞர் நிக் சாபோ இதை மனச்செலவு என்று 1999-இலேயே எழுதினார்: விலை எவ்வளவு இறங்கினாலும், வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உழைப்பு இறங்காது. களைத்து வீடு திரும்பியவரிடம் அந்த உழைப்பைக் கேட்டால் அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்.

இங்கே இன்னொரு பழைய காயமும் உண்டு. கைப்பேசியில் முன்கட்டணம் போட்டுப் பேசிய காலத்தில், பாட்டு, ராசிபலன் என்று ஏதோ ஒரு குறுஞ்செய்திச் சேவை தெரியாமல் ஒட்டிக்கொண்டு, போட்ட 10 வெள்ளியை வாரம் தவறாமல் தின்றது. என் மாமாவுக்கு நடந்தது. யாரிடம் நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல் அவர் அந்த எண்ணையே தூக்கியெறிந்தார். அந்தத் தலைமுறைக்கு, கைப்பேசியில் சின்னச் சின்னதாகக் காசு போவது என்றாலே பயம்.

சில்லறை முறையை நன்றாகவே செய்து பார்த்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2014-இல் தொடங்கிய பிளென்டில் என்ற நிறுவனம், நாட்டின் செய்தித்தாள்களையும் வார இதழ்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுரை கட்டுரையாக விற்றது. ஒரே கணக்கு, ஒரே சொடுக்கு. படித்தபின் பிடிக்கவில்லை என்றால் காசு திரும்பக் கிடைக்கும். நியூயார்க் டைம்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் ஆக்ஸல் ஷ்பிரிங்கரும் அதில் 30 லட்சம் யூரோ முதலீடு செய்தன. அதிலிருந்து கிடைத்த ஒரு பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கிசுகிசு இதழ்களின் கட்டுரைகளுக்குத்தான் காசைத் திருப்பிக் கேட்பவர்கள் அதிகம். சிலவற்றில் விற்றதில் பாதிவரை திரும்பிப் போனதாக நிறுவனரே எழுதினார். தலைப்பில் ஏமாற்றினால் வாசகன் காசைப் பிடுங்கிக்கொள்கிறான். எவ்வளவு நல்ல தண்டனை! இருந்தாலும் 2019-இல் பிளென்டில் சில்லறையைக் கைவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்தது. நாடு முழுவதும் உள்ள இதழ்களைக் கையில் வைத்திருந்தவர்களாலேயே முடியாததை, ஐந்து பேர் இதழ் செய்யும் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

சில்லறைக்கு எதிராக நான் கடைசியாகச் சொல்வது எங்கள் ஊர் படிக்கும் விதத்தைப் பற்றியது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழை என் தாத்தா ஒரு நாளும் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஒரு நாளும் படிக்காமல் இருந்ததும் இல்லை. தோட்டத்துக்கு வரும் ஒரே பிரதி முடிதிருத்தும் கடைக்குப் போகும். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு தாளுக்கு இருபது பேர். அப்படிப் படித்து வளர்ந்த ஊரில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பூட்டுப் போடுவது பொருந்தாது. பூட்டினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்: ஒருவர் வாங்கிப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடுவார், அரை மணியில் ஊரே படித்திருக்கும்.

இனி மாதச் சந்தா. மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் 1999-இல் தொடங்கி 2002-இலிருந்து சந்தாவில் ஓடுகிறது. மலேசியாவில் இணையச் செய்திக்கு மக்கள் காசு கொடுப்பார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சந்தாவில் முடிவெடுப்பது ஒரு தடவைதான். அதன்பின் வாசகர் தாராளமாகப் படிக்கலாம். எங்களுக்கும் அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரியும். தோட்டத்து மக்களுக்கு இது புதிதுமில்லை. தொழிற்சங்கச் சந்தா சம்பளத்திலேயே பிடித்தமாகப் போய்த்தான் பழக்கம்.

இங்கேதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் என் நினைவுக்கு வருகிறது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற வெள்ளைக்கார முதலாளிகள் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கை வாங்கச் சொன்னார். அந்தப் பத்து வெள்ளிகள் தோட்டங்களையே வாங்கின. கெடாவின் புக்கிட் சிடிம் அதில் முதலாவது. சிறு தொகையால் பெரிய காரியம் ஆகாது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பத்து வெள்ளி ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும். கேட்டவர் லயத்து வாசலுக்கே வந்து நின்றார்; காசு எங்கே போகிறது என்பதைக் கண்ணால் காண மண் இருந்தது.

சந்தாவில் எனக்குள்ள தயக்கத்தைக் கணக்காகவே சொல்கிறேன். எங்களுக்கு மாதம் 600 வெள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 வெள்ளிச் சந்தாவில் 60 பேர் சேர்ந்தால் போதும். அந்த 60 பேர் கிடைப்பார்கள். யார் என்றுகூட எனக்குத் தெரியும். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற கிராணிகள் (தோட்ட எழுத்தர்கள்), கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிள்ளைகள். அதாவது ஊரை விட்டுப் போனவர்களும் ஊரில் வசதியாக இருப்பவர்களும் மட்டும் படிக்கும் இதழாக அது ஆகிவிடும். குலை வெட்டுகிறவரின் வீட்டுக்கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதுகிறோம். அதை அவர் படிக்க முடியாது. அதே 600 வெள்ளியை 300 பேர் ஆளுக்கு 2 வெள்ளியாகக் கொடுத்தால் ஊர் முழுக்கப் படிக்கும். பணம் ஒன்றுதான், இதழ் வேறாகிவிடுகிறது. இந்த ஒரு கணக்குதான் என்னைச் சந்தாக் கட்சியிலிருந்து நகர்த்தியது.

மூன்றாவது, உபயம். 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அன்றே, ஐந்து மணி நேரத்துக்குள், வாசகர்கள் அந்தப் பணத்தைக் கொட்டிவிட்டார்கள். நன்கொடையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு நாளில் தெரிகின்றன. வீடு தீப்பிடித்தால் ஊரே ஓடிவரும். தினமும் அடுப்பெரிக்க விறகு கேட்டால் எத்தனை நாள் தருவார்கள்?

கோயில் உபயம் அதைவிடக் கெட்டி. திருவிழாவின் இந்த நாள் இந்தக் குடும்பத்துக்கு என்று தலைமுறையாக இருக்கிறது. மகன் ஜொகூரில் வேலை செய்தாலும் அந்த நாளுக்குப் பணம் வந்துவிடும். பாட்டியின் திதியன்று, அவள் மரம் சீவிய தோட்டத்தைப் பற்றிய நினைவுக் கட்டுரைக்கு உபயம் கொடுக்கச் சொன்னால் யார் மறுப்பார்கள்? நான் மூன்று குடும்பங்களைக் கேட்டேன். மூன்றும் உடனே ஒப்புக்கொண்டன. ஒருவர் அப்பாவின் பழைய பால்கத்தியைப் படமெடுத்து அனுப்பினார்.

செய்திக்கு மட்டும் உபயம் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன விவகாரத்தை எழுதும்போது, அந்தக் குத்தகையாளர் நம் உபயதாரராக இருந்தால் கை நடுங்கும். கோயில் தலைவர் பதவிக்கு நடக்கும் சண்டைகளைப் பார்த்த ஊர் இது. பணம் கொடுத்தவருக்கு முதல் மரியாதை என்ற வழக்கத்தைச் செய்தி அறைக்குள் விடமாட்டேன்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு வழி காட்டியது அந்தச் சாப்பாட்டுக் கடை மேசையின் இழுப்பறை. அதற்குள் அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்ன நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒன்று. சாப்பிடும்போது காசு இல்லை, அண்ணன் எழுதிக்கொள்வார், சம்பளம் போட்டதும் கணக்குத் தீரும். மலேசியாவில் தோட்டத்து மளிகைக்கடை முழுக்க ஓடியது இந்த நோட்டில்தான். சாப்பிட்டுவிட்டுக் கொடுப்பது, மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது, சாப்பிட்ட அளவுக்குக் கொடுப்பது: சில்லறையின் நியாயமும் சந்தாவின் நிம்மதியும் அந்த நோட்டில் சேர்ந்தே இருக்கின்றன.

இதையும் வெளியில் செய்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வின்னிபெக் ஃப்ரீ பிரஸ் 2015-இல் கட்டுரைக்கு 27 சென்ட் என்று வைத்து, மாதக் கடைசியில் கணக்கு அனுப்பியது. ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் 2016-இல் லேட்டர்பே என்ற நிறுவனத்தின் முறையில் கட்டுரைக்கு 39 சென்ட் எழுதிவைத்து, 5 யூரோ சேர்ந்ததும் கேட்டது. 2018-இல் அதை விட்டுச் சந்தாவுக்குப் போனது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ‘ஷ்பீகலே விட்டுவிட்டதே’ என்றார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: ஷ்பீகல் வாசகரை அறியாது, வாசகர் ஷ்பீகலை நேரில் காணமாட்டார். 555 நோட்டு ஓடியது முகம் தெரிந்ததால். நாங்கள் ஐவரும் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள். எங்களுக்குக் காசு பாக்கி வைத்தவர் எதிரே வருவார். ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள்தான். 300 பேரில் பாதிப் பேர் கொடுக்காவிட்டால் 600 வெள்ளி 300 ஆகிவிடும். அந்த மாதம் மாணவர்களின் பெட்ரோலுக்கு மட்டும் போதும், எங்கள் பையிலிருந்து மறுபடியும் போட வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

என் பரிந்துரை இப்படி அமைகிறது. எந்தக் கட்டுரைக்கும் பூட்டு இல்லை. கைப்பேசி எண்ணைப் பதிந்தவர்களுக்குச் செய்திக் கட்டுரை ஒன்றுக்கு 30 காசு எழுதப்படும். கணக்கு 5 வெள்ளியைத் தொட்டதும் அந்த மாதம் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு படித்தாலும் சரி. பிடிக்காத கட்டுரையை ஒரு சொடுக்கில் கணக்கிலிருந்து அடித்துவிடலாம். பிளென்டிலிடம் கற்ற அந்தத் தண்டனை எங்களுக்கும் இருக்கட்டும். மாதக் கடைசியில் கியூஆர் குறியோடு ஒரு செய்தி போகும். தானாகப் பிடித்தம் கிடையாது. என் மாமாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. கடைக்காரர்கள் மாதம் 5 வெள்ளி கொடுத்தால் அச்சுப் பிரதி ஒன்று கடைக்குப் போகும், யார் வேண்டுமானாலும் உரக்கப் படிக்கலாம். தோட்ட நினைவுகள் கணக்கில் சேராது. அவை முழுவதும் உபயம், கட்டுரையின் அடியில் குடும்பத்தின் பெயரோடு.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கடை நோட்டில் எழுதியிருப்பது அரிசியும் பருப்பும். எங்கள் நோட்டில், யார் எந்தச் செய்தியைப் படித்தார் என்பது ஏறிவிடும். வீடு காலி செய்யும் செய்தியைத் தோட்டத்தில் யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே வந்துவிட்டது. அது எங்களைப் பிடிக்கிறதோ இல்லையோ, எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு தலைப்புகளை அழித்துவிடும்படி நிரலை எழுதச் சொல்லியிருக்கிறேன். இது சரிவரச் செய்யப்படும் வரை கணக்குத் தொடங்காது.

கூட்டத்தில் நால்வர் ஒப்புக்கொண்டார்கள். சந்தாவே சரி என்று நிற்கும் ஒருவருக்காக ஆறு மாதம் கழித்து வரவுசெலவை அப்படியே இதழில் வெளியிட்டு மறுபடியும் பேசுவது என்று முடிவு. பிப்ரவரிக் கடைசியில் போகவிருக்கும் முதல் செய்தியை எழுதிவைத்துவிட்டேன். சாப்பாட்டுக் கடை அண்ணனுக்குப் போவது இது:

“அண்ணே, வணக்கம். இந்த மாதம் நீங்கள் படித்த செய்திக் கட்டுரைகள் 7. உங்கள் கணக்கு 2 வெள்ளி 10 காசு. சம்பளம் போட்டபின் கொடுத்தால் போதும். இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதம் எழுதிக்கொள்கிறோம்.”